மதில் கறந்த ஊர்

லோமர் ஊரின் மதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பால் சுரக்கத் தொடங்கியது. அன்று கிழக்கு வாசல் பக்கம் பீரங்கிக் குண்டு விழுந்து ரொட்டிக்காரர் வீட்டுக் கூரை போயிருந்ததாலும், ரொட்டிக்காரர் மனைவி அந்தக் கூரைக்காகத் தெருவில் நின்று ஸ்பெயின் அரசரை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்ததாலும், அவள் திட்டுவதைக் கேட்க ஊரே கூடியிருந்ததாலும், மத்தியானம் வரை ஒருத்தியைத் தவிர யாரும் மதிலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

லோமர் இருந்த தேசம் கடலை விடத் தாழ்வானது. அங்கே மனிதர்கள் கரை கட்டிக் கடலைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள், தள்ளிய இடத்தில் புல் முளைத்தது, புல்லை மாடு தின்றது, மாடு கொடுத்த பால் பாலாடைக்கட்டியானது, பாலாடைக்கட்டி விற்ற காசில் செங்கல் வாங்கி மதில் எழுப்பினார்கள். ஆகவே இந்த மதிலைக் கட்டியது மாடுதான் என்று லோமர்க்காரர்கள் வெகுகாலமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அந்தப் பேச்சு மதிலின் காதில் விழும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. இப்போது அந்த மதிலைச் சுற்றி ஸ்பெயின் அரசரின் படை கூடாரம் போட்டிருந்தது. உங்கள் காவற்படையும் வேண்டாம், உங்கள் வரியும் வேண்டாம், எங்கள் பிரார்த்தனையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஊர் வாசலைச் சாத்திக்கொண்டதுதான் காரணம். சொன்ன அன்றைக்கு என்னவோ எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

படை வருகிற சேதி கேட்டதும் மேய்ச்சலில் இருந்த மாடுகளையெல்லாம் உள்ளே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே புல் ஏது? வைக்கோல் தீர்ந்தது, கூரையில் வேய்ந்திருந்த நாணல் தீர்ந்தது, மெத்தைக்குள் திணித்திருந்த சருகும் தீர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாடாக வெட்டித் தின்றார்கள். அழுதுகொண்டே தின்றார்கள் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் நடந்தது, அழுகையால் யாரும் ஒரு வாய் குறைத்துத் தின்றதாகவும் தெரியவில்லை.

தோல் பதனிடுபவர்களின் தெருக்கோடியில், மதிலை ஒட்டி, அலைடா என்று ஒரு விதவை இருந்தாள். நாற்பது தாண்டியவள், பிள்ளை குட்டி இல்லை, வாய் கொஞ்சம் நீளம். அவள் வாய்க்குப் பயந்தவர்கள்கூட அவள் கைக்கு மரியாதை கொடுத்தார்கள், ஏனென்றால் உதைக்கிற மாடும் அவள் கை பட்டால் நின்று கறக்கும். ஊரின் கடைசி மாடு அவளுடையது. அது திங்கட்கிழமை போயிற்று. மறுநாள் காலையில் அவள் பழக்கத்தின்படி எழுந்தாள், பழக்கத்தின்படி முக்காலியையும் மரவாளியையும் எடுத்தாள், தொழுவத்தில் மாடு நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்தாள், எதிரே மதில்தான் இருந்தது, வேறு வழி தெரியாமல் அதில் நெற்றியைச் சாய்த்தாள்.

லோமரில் பால் கறப்பதற்கு ஒரு முறை உண்டு. கறப்பவர் மாட்டின் விலாவில் நெற்றியை வைத்து வீட்டுச் செய்தியை அதனிடம் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். பொய் சொன்னால் பால் வாளியிலேயே திரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு: நெற்றி மாட்டின் மேல் இருக்கிற வரைக்கும் அந்த ஆளை யாரும் தொடக் கூடாது. சண்டைக்கு வந்த புருஷனும் சரி, பிடித்துப்போக வந்த சேவகனும் சரி, கையைக் கட்டிக்கொண்டு வாளி நிறையும் வரை நிற்க வேண்டியதுதான். வாளி நிறைவதற்குள் பாதிச் சண்டைக்குக் காரணம் மறந்துபோகும் என்பதால் இந்த ஊரில் அடிதடி குறைவு என்று பக்கத்து ஊர்களில் பொறாமையாகச் சொல்வார்கள்.

அலைடா மதிலிடம் தன் மாடு போன செய்தியைச் சொன்னாள். அதன் ஈரலைத் தானும் தின்றதைச் சொன்னாள், ருசியாக இருந்ததையும் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். நெற்றியில் பட்ட செங்கல் வெதுவெதுப்பாக இருந்தது. கீழே, முழங்கால் உயரத்தில், செங்கல்லுக்கு நடுவே இருந்த சுண்ணாம்புப் பூச்சு காம்பாகப் புடைத்திருந்தது. அவள் கை தானாகப் போயிற்று, வாளியில் சர்ரென்று சத்தம் கேட்டது, அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கறவையைக் கவனித்தாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சண்டையும் வந்துவிட்டது. மதிலை ஒட்டி இருந்த வீடுகள் அதுவரை ஊரிலேயே மட்டமானவை, வெயில் விழாதவை, நாற்றமெடுத்தவை. இப்போது கால்வாய்க்கரையில் பெரிய வீடுகளில் இருந்தவர்கள் வெள்ளிக் கூஜாவோடு தோல்தெருவுக்கு வந்து, எங்கள் அம்மாவும் உங்கள் அம்மாவும் தூரத்துச் சொந்தம் என்று பேச ஆரம்பித்தார்கள். கொத்தனார்கள், இது செங்கல், செங்கல் எங்கள் தொழில் என்றார்கள். கறவைக்காரர்கள், பால் கொடுப்பது எதுவானாலும் எங்கள் தொழில் என்றார்கள். ஊர்ச்சபை கூடி, மார்பு உயரத்துக்கு மேலே கொத்தனாருக்கு, அதற்குக் கீழே கறவைக்காரருக்கு, கறக்கிற வேளையில் சுத்தியல் சத்தம் கூடாது, ஒவ்வொரு தெருவுக்கும் மதிலில் இவ்வளவு நீளம் என்று தீர்ப்புச் சொன்னது. போதகரிடம் போய் இந்தப் பாலைக் குடிக்கலாமா என்று கேட்டார்கள். வேதத்தில் பாறையிலிருந்து தண்ணீர் வந்ததை நம்புகிறவர்கள் செங்கல்லிலிருந்து பால் வருவதற்கு ஏன் முகம் சுளிக்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார்; கேட்கும்போது அவர் மீசையில் ஏற்கெனவே பாலாடை ஒட்டியிருந்தது.

பாலில் லேசாகச் சுண்ணாம்பு வாசனையும் பாசி வாசனையும் இருந்தன. பழகிப்போயிற்று. அதில் செய்த பாலாடைக்கட்டி கொஞ்சம் சிவந்து, வெட்டினால் செங்கல் மாதிரியே நின்றது, பசிக்கு அதை விட நல்லது எதுவும் இல்லை. குழந்தைகளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பீரங்கிக் குண்டு பட்ட இடத்தில் மதில் கன்றிப்போய் நீலம் பாரித்தால், பெண்கள் வெண்ணெயைக் காய்ச்சித் தடவினார்கள், மறுநாள் வீக்கம் வடிந்து செங்கல் பழையபடி சேர்ந்துகொண்டது. ஒரு தடவை எதிரிகள் ஏணி சாத்தி ஏறினார்கள். மதில், ஈ மொய்த்த மாடு தோலைச் சிலிர்த்துக்கொள்வது போல, ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. ஏணியும் வீரர்களும் அகழியில் கிடந்தார்கள். அன்றிலிருந்து அந்தி நேரத்தில் மதில் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுக்கும், ஊரில் எல்லோரும் சரி, பொழுது போய்விட்டது என்று விளக்கேற்றுவார்கள்.

உண்மை பேச வேண்டியிருந்ததுதான் பலருக்குக் கஷ்டமாக இருந்தது. மாவு மில்காரர் பரணில் மூட்டை பதுக்கியது, அவர் வாளி திரிந்து திரிந்து தெருவுக்கே தெரிந்தது. ஊர்த்தலைவர் லூபர்ட்டுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். லூபர்ட் துணி வியாபாரி, நல்ல மனிதர், முன்பு பருத்திருந்தவர், பட்டினியில் இளைத்துப்போய் பதவிச் சங்கிலி மட்டும் தொப்புள் வரை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஊருக்குத் தைரியம் சொல்வதற்காக, எல்லோரும் பார்க்க முக்காலி போட்டு உட்கார்ந்து, நெற்றியைச் சாய்த்து, “தாயே, ஸ்பெயினை எதிர்த்து நிக்கிற நம்ம இளவரசரோட படகுங்க நம்மளக் காப்பாத்தப் புறப்பட்டாச்சு” என்று மதிலிடம் சொன்னார். வாளி நிறையத் தயிராக விழுந்தது. படகு எதுவும் வரப்போவதில்லை என்று ஊருக்கு அப்படித்தான் தெரிய வந்தது. ஊர் அதையும் தாங்கிக்கொண்டது, வயிறு நிறைந்திருந்தால் கெட்ட செய்தி அவ்வளவு கெட்டதாகத் தெரிவதில்லை. லூபர்ட்தான் அன்றைக்குப் பிறகு மதிலை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

இப்படி ஒருவிதமான நிம்மதியில், முற்றுகைக்குள் இருக்கிறோம் என்பதே பாதி மறந்துபோன நிலையில், குளிர்காலம் இறுகியது. அகழி உறைந்தது. ஒரு காலையில் அலைடாவின் வாளியில் பால் இளஞ்சிவப்பாக இறங்கியது. எங்கோ காம்பில் புண். அவள் தன் பக்கத்து மதில் முழுவதையும் தடவித் தடவிப் பார்த்தாள், ஒரு கீறலும் இல்லை. யோசித்தாள். மாட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. முக்காலியைத் தள்ளிவிட்டுப் படியேறி, மதில் உச்சியில் நின்று வெளியே குனிந்து பார்த்தாள்.

கீழே, உறைந்த அகழியின் மேல், எதிரிப் படைவீரர்கள் இரும்புத் தொப்பிகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக மதிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் வந்து வெகுநாளாகிவிட்டது, சாப்பாடும் சரியாக இல்லை; காலில் சுற்றிய துணிகூட கந்தலாக இருந்தது. அலைடாவுக்கு நேர் கீழே ஒருவன், ஒல்லியானவன், உடம்பெல்லாம் மண் அப்பியவன், காம்பை இரண்டு விரலில் பிடித்து வெடுக்கு வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தான்.

அவள் உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்க வேண்டும். மணி அடித்திருக்க வேண்டும். ஒரு கல்லைத் தூக்கிப் போட்டிருந்தாலும் சரி. அவள் செய்தது இதுதான்: “டேய், அது என்ன ஆடா? ஆடு கறக்கிற கையால மாட்டைக் கறந்தா காம்பு அறுந்து போகாதா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். சில வருஷங்களாக அந்தத் தேசத்தில் சண்டை போட்டுத் திரிந்ததில் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருந்தது. “எங்க மலையில ஆடுதான் அம்மா,” என்றான். “மாடு பணக்காரங்ககிட்டதான் இருக்கும்.”

“முழுக் கையையும் கொடு. மேல இருந்து ஒவ்வொரு விரலா மூடிக்கிட்டே வா. இழுக்காத. அமுக்கு. ம், இப்ப பரவாயில்ல. நெத்தியை எங்க வச்சிருக்க? சுவத்துல சாய். அவகிட்டப் பேசு.”

“என்ன பேசறது?”

“உன் வீட்டுச் செய்தி. நடந்ததைச் சொல்லு. பொய் சொன்னா திரிஞ்சிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத. உன் பேர் என்ன?”

“தொரிபியோ,” என்றான் அவன். நெற்றியைச் சாய்த்து, மெதுவாக, தன் பாஷையில் எதையோ சொல்ல ஆரம்பித்தான். இரண்டு பக்கத்திலும் பால் வெள்ளையாக இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் அவன் கையைப் பார்த்துத் தங்கள் கையையும் திருத்திக்கொண்டார்கள், கொஞ்ச நேரத்தில் அகழி முழுக்க ஆண்கள் சுவரில் தலையைச் சாய்த்துத் தாழ்ந்த குரலில் முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. அலைடா மேலே நின்று, இடுப்பில் கை வைத்து, இன்னும் ஓரிருவரைத் திட்டித் திருத்தினாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. திரும்பினால் பின்னால் பாதி ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே ஊர்ச்சபை கூடியது. குற்றம் துரோகம், தண்டனை தூக்கு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று லூபர்ட் சொன்னார்.

“எதிரிக்குப் பால் கறக்கச் சொல்லிக் கொடுத்தது உண்மையா இல்லையா, அலைடா?”

“உண்மைதான் தலைவரே.”

“ஏம்மா அப்படிப் பண்ணின?”

“அந்தக் கறவையைப் பார்த்துக்கிட்டு சும்மா நிக்க முடியல.”

சபையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் தொழுவத்தில் வளர்ந்தவர்கள். அந்த இடத்தில் நின்றிருந்தால் தாங்களும் அதையேதான் செய்திருப்போம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, அதனாலேயே அவள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. கடைசியில் லூபர்ட் ஒரு வழி சொன்னார். நாளைக் காலையில் அந்தப் படைவீரன் மறுபடி வருவான். அலைடா தன் கையாலேயே ஒரு கொப்பரை கொதிக்கும் கீலை, படகுக்குப் பூசுகிற அந்தத் தாரை, அவன் தலையில் ஊற்ற வேண்டும். ஊற்றினால் அவள் ஊர்க்காரி, ஊற்றாவிட்டால் தூக்கு.

“கறந்துகிட்டு இருக்கிற ஆளைத் தொடக் கூடாதே,” என்றாள் அலைடா.

“அது ஊர்க்காரங்களுக்குள்ள இருக்கிற முறை,” என்றார் லூபர்ட். குரலில் உறுதி இருந்தது, ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விடிந்தது. கொப்பரையை இரண்டு பேர் தூக்கிவந்து மதில் உச்சியில் வைத்தார்கள். கீல் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அலைடா நீண்ட பிடி போட்ட கரண்டியோடு நின்றாள், பக்கத்தில் லூபர்ட். அவளுக்குச் சாகப் பயம், அதை நான் மறைக்கப்போவதில்லை. இரவெல்லாம் அவள் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆனால் கீழே குனிந்தபோது தொரிபியோ வந்து உட்கார்ந்திருந்தான், நெற்றியைச் சுவரில் வைத்திருந்தான். அன்றைக்குத் தன் பாஷையில் அவன் பேசவில்லை. இந்த மதிலுக்கு இந்த ஊர்ப் பேச்சுதான் சரியாகப் புரியும் என்று தோன்றியதோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி அவளுடைய பாஷையிலேயே சொன்னான்.

“தாயே, என் செய்தியைச் சொல்றேன். நான் சுரங்கம் தோண்டறவன். கிழக்கு வாசலுக்கு வர்ற மேட்டுச் சாலைக்கு அடியில தோண்டிக்கிட்டே வந்து இப்ப உன் வயித்துக்குக் கீழ இருக்கோம். வெடிமருந்துப் பீப்பாயெல்லாம் உள்ள வச்சாச்சு. நாளைக்கு மத்தியானம் கொளுத்தணும். தோண்டினவன்தான் கொளுத்தணும், அதுதான் எங்க வழக்கம். இதைச் சொல்லாம உன்கிட்டப் பால் வாங்க எனக்கு மனசு வரல.”

அவன் அழுதான். தொப்பியில் பால் வெள்ளையாக நிறைந்தது.

லூபர்ட்டின் முகம் வெளுத்தது. “ஊத்து,” என்றார் மெதுவாக. “சுரங்கக்காரன் இவன்தான். ஊத்து.”

“ஊத்தினா இன்னொருத்தன் போய்க் கொளுத்துவான்,” என்றாள் அலைடா. “அவன் எப்படிப்பட்டவனோ, எனக்குத் தெரியாது. இவனை எனக்குத் தெரியும்.”

“பூமி பாறையா உறைஞ்சு கிடக்கு. நாம எதிர்ச் சுரங்கம் தோண்டவும் முடியாது. எதிரியை நம்பி ஊரை விடச் சொல்றியா?”

“அவன் மதில்கிட்டப் பொய் சொல்லல தலைவரே. நீங்க சொன்னீங்க.”

லூபர்ட் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, கீல் ஆறிக்கொண்டிருக்கும்போதே, ஒரு அடி பின்னால் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அவள் குனிந்து கூப்பிட்டாள். “தொரிபியோ. காதுல வாங்கிக்கோ. இன்னிக்குப் பொழுதுல இருந்து இந்த ஊர்ல யாரும் கறக்க மாட்டோம். நாளைக்கு நீ அடியில போகும்போது அவளுக்குப் பால் தேங்கி மடி கட்டிப்போய் இருக்கும். தலைக்கு மேல பாரு. அதுக்கப்புறம் உன் இஷ்டம். நான் வேற எதுவும் கேக்கல.”

அவன் அவளையும் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த கொப்பரையையும் மாறி மாறிப் பார்த்தான். தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், பனிக்கட்டியின் மேல் மெதுவாக நடந்து போனான்.

“அவன் கொளுத்தினா நாம யாரும் இருக்க மாட்டோம்,” என்றார் லூபர்ட் படி இறங்கும்போது. “கொளுத்தலைன்னாலும் உன் வழக்கு இருக்கு. அதை மறந்துடாத.”

அன்று சாயங்காலம் யாரும் கறக்கவில்லை. மறுநாள் காலையிலும் கறக்கவில்லை. வெளியே வெடிக்குப் பயந்து படையைத் தூரத்துக்கு நகர்த்திவிட்டதால் அந்தப் பக்கமும் ஆள் இல்லை. மதில் கனத்தது. செங்கற்கள் இறுகிப் பளபளத்தன, காம்புகள் விறைத்துக்கொண்டன, அடிவயிற்றிலிருந்து வலியில் ஓயாமல் கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டுக் குழந்தைகள் அழுதார்கள், பெண்கள் கையைப் பிசைந்தார்கள், எழுபது வயது கறவைக்காரர் ஒருவர் எழுந்து ஓடப் பார்க்க அவரைத் தூணில் கட்டிவைத்தார்கள். அலைடா கிழக்கு வாசல் அருகே மதிலில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, “கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, கொஞ்சம் பொறுத்துக்கோ,” என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அவள் பின்னால் ஊர் முழுக்க நின்றது. ஓடிப்போக இடம் இல்லாதபோது மனிதர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வந்து நிற்கிறார்கள், லோமரும் அதைத்தான் செய்தது.

மத்தியானம் வந்தது. சூரியன் உச்சிக்குப் போனான்.

முதலில் மதில் கத்துவதை நிறுத்தியது. பிறகு ஒரு பெருமூச்சு. செங்கல் முழுக்கத் தளர்ந்தது, இறுக்கம் கிழக்கு வாசலிலிருந்து இரண்டு பக்கமும் அவிழ்ந்துகொண்டே போயிற்று, பூமிக்கு அடியில் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. “கறக்கறான்,” என்றாள் அலைடா. சொல்லிவிட்டு மதிலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓர் ஊர் முழுவதும் அடக்கி வைத்திருந்த பால் அது. பீப்பாய்களை நனைத்து, வெடிமருந்தைக் கூழாக்கி, சுரங்கம் முழுக்க நிரம்பி, அதன் மறுவாய் வழியாகப் படைவீடு வரைக்கும் வெள்ளமாகப் போயிற்று. கூடாரங்கள் மிதந்தன. சம்பளமில்லாத வீரர்கள் முதலில் ஓடினார்கள், பிறகு நின்றார்கள், பிறகு குனிந்து குடித்தார்கள். தளபதி அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்தினார். ஆனால் இரண்டு காலை சுவரில் தலை சாய்த்துத் தன் வீட்டுக் கதையைத் தன் வாயாலேயே சொன்னவனுக்கு, தான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி வராமல் இருக்காது. மத்தியானம் தாண்டுவதற்குள் அவர்கள் இரண்டு மூன்று பேராகத் தெற்கே போகிற சாலையில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள், பீரங்கிகளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் மணி அடித்தது, ஆனால் அலைடா எழுந்திருக்கவில்லை. சுரங்கத்தில் அவ்வளவு பாலுக்கு நடுவே ஒருவன் தப்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தலைக்கு மேல் பார் என்று சொன்னவள் அவள்தான். ஒரு ஆட்டுக்காரப் பையனை, தன் வாயால் கூப்பிட்டுச் சொல்லி, மூழ்கடித்துவிட்டோம் என்று அவள் மதிலில் முகத்தை வைத்து அழுதாள். சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது அவள் கன்னத்துக்குக் கீழே செங்கல் இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. அலைடா தலையை எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள். இந்த இறுக்கம் அவளுக்குத் தெரிந்ததுதான், எத்தனையோ தொழுவங்களில் வைக்கோலில் மண்டியிட்டு அவள் கையால் உணர்ந்தது.

“சுடுதண்ணி,” என்றாள். “வைக்கோல் இருந்தா கொண்டாங்க. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவளுக்குக் கூச்சமா இருக்கும்.”

சொன்னது என்னவென்று யாரும் கேட்கவில்லை. சுடுதண்ணீர் வந்தது, வைக்கோல் கிடைக்காததால் ரொட்டிக்காரர் மனைவி தன் போர்வையை விரித்தாள். மதில் மூன்றாம் முறை முக்கியது. இரண்டு செங்கல் வரிசைகளுக்கு நடுவே முதலில் இரண்டு கைகள் வந்தன, கைகளுக்கு நடுவே மூக்கு வந்தது, எல்லாம் முறைப்படியே வந்தது. அலைடா மணிக்கட்டுகளைப் பிடித்து, மதில் முக்கும்போது இழுத்து, நிறுத்தும்போது நிறுத்தி, தோள் வெளியே வந்ததும் ஒரே இழுப்பாக இழுத்தாள். தொரிபியோ போர்வையில் விழுந்தான். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை, தலைமுதல் கால்வரை பாலும் வழுவழுப்பும். அவள் அவன் மூக்கைத் துடைத்து, வாய்க்குள் விரல் விட்டு வழித்து, நெஞ்சைத் தேய்த்துவிட்டாள். அவன் இருமினான். பிறகு எழுந்து நிற்கப் பார்த்தான், கால் பின்னி விழுந்தான், மறுபடி எழுந்தான். அவனுக்குப் பின்னால் செங்கல் மூடிக்கொண்டது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து லூபர்ட்டுக்கு வழிவிட்டது. அவர் வந்து எதிரே நின்றார். எல்லோருக்கும் வழக்கு ஞாபகம் வந்தது, கொப்பரை ஞாபகம் வந்தது, அலைடா தொரிபியோவுக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

“நீ யாருப்பா?” என்றார் லூபர்ட்.

தொரிபியோ குளிரில் நடுங்கிக்கொண்டே சுற்றிலும் பார்த்தான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். “இந்த மதிலுக்கு அடியில தோண்டினவன் நான்தான்,” என்றான்.

ஊர் முழுக்கக் கேட்டது. லூபர்ட் அவனைப் பார்த்தார், அலைடாவைப் பார்த்தார், பிறகு மதிலை, அந்தத் தயிர் விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, நிமிர்ந்து பார்த்தார்.

“முதல்ல இவனுக்கு ஒரு சட்டை கொண்டாங்க,” என்றார். “நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் இப்படித் தெருவுல நிக்கிறது நல்லா இல்ல.”